முதலாளி தின்ற கிரீம்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் டப்பாவின் மேல் ஒட்டியிருக்கிற பச்சை இலைப் படத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு இதைப் படியுங்கள். அந்த இலையைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அதன் கீழே "முழுக்க மூலிகை, பக்கவிளைவு கிடையாது" என்று போட்டிருப்பதைப் படித்தால் சிரிப்பு போய்க் கோபம் வரும். ஊமத்தையும் செடிதான், அரளியும் செடிதான். அரைத்து உங்கள் கன்னத்தில் பூசிக்கொள்ளுங்களேன், பார்ப்போம்.

நான் வாழ்நாள் முழுக்க முகத்துக்கும் கைக்கும் பூச்சு தயாரித்தவள். என் முகத்தைப் பார்த்து யாரும் அதை நம்புவதில்லை, அது வேறு விஷயம். இப்போது ஓய்வுபெற்று பம்பாய் செம்பூரில் உட்கார்ந்திருக்கிறேன். தயாரிப்பு முறையெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது, அதைச் சொல்லி உங்களைத் தூங்கவைக்கப் போவதில்லை. புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஒரு முதலாளியின் வயிறு ஒரு நர்ஸின் வேலையைக் காப்பாற்றிய கதை அது.

எண்பதுகளின் நடுவில் கெமிஸ்ட்ரி பட்டத்தை வைத்துக்கொண்டு வேலை தேடினேன். அப்பாவுக்கு நான் பாங்க் பரீட்சை எழுத வேண்டும் என்று ஆசை. நான் போய்ச் சேர்ந்தது தாராவியில் ஒரு பட்டறை. கீழே ஒரு நீள அறை, அதில் அடுப்பு, அண்டா, டப்பா, வேலைக்கு நாங்கள் நாலைந்து பேர். மேலே இன்னொரு அறை, அதில் முதலாளியும் அவர் மனைவியும். நடுவில் ஓர் இரும்பு ஏணி. "கெமிஸ்ட் வேலை" என்று வீட்டில் சொன்னபோது அப்பா வெள்ளைக் கோட்டைக் கற்பனை செய்துகொண்டார். என் கோட்டு ஒரு பழைய நைட்டி.

முதலாளி திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம். தொடக்கத்தில் அத்தர் விற்றவர், பிறகு கிரீமுக்கு வந்தவர். தேங்காயெண்ணெய், தேன்மெழுகு, கற்றாழைச் சோறு, வெட்டிவேர்த் தண்ணீர், இவ்வளவுதான் எங்கள் சரக்கு. ஆர்கானிக் என்ற சொல் அப்போது எங்கள் காதில் விழவில்லை. "செடிச் சரக்கு" என்போம். குளிர்காலத்தில் வறண்ட கால், பாத்திரம் தேய்த்துத் தேய்த்து வெடித்த கை, எல்லாவற்றுக்கும் அது நன்றாகவே வேலை செய்தது. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் முதலாளி அதை விற்ற முறை உலகத்தில் வேறெங்கும் கிடையாது. பக்கத்திலேயே தமிழர்கள் நிறைந்த மாட்டுங்காவில் கடைக்கடையாக ஏறுவார். டப்பாவைத் திறப்பார். ஆள்காட்டி விரலால் ஒரு வழி வழித்து வாயில் போட்டுக்கொள்வார். சப்புக்கொட்டி விழுங்கிவிட்டு, "திங்கலாம் சார். திங்க முடியாத எதையும் நான் மொகத்துல பூசச் சொல்லமாட்டேன்" என்பார். கடைக்காரர் வாய்பிளந்து நிற்பார். ஆர்டர் விழும்.

வெயில் நாளில் உருகிவிடும் என்பதால் டப்பாவை ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லியிருந்தோம். மாட்டுங்காவில் ஒரு வீட்டில் மாமனார் அதை வெண்ணெய் என்று நினைத்து ரொட்டியில் தடவித் தின்றுவிட்டார். மருமகள் சண்டைக்கு வருவாள் என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தோம். அவளோ மாமனாருக்கு வயிறு நன்றாக இருக்கிறது என்று சொல்லி இன்னொரு டப்பா வாங்கிப் போனாள். அதற்குப் பிறகு முதலாளியைக் கையில் பிடிக்க முடியவில்லை.

இங்கே கற்றாழையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மடலை வெட்டினால் தோலுக்கு அடியிலிருந்து மஞ்சளாக ஒரு பால் வடியும். மடலை நிமிர்த்திவைத்து அதை வடியவிட வேண்டும். பிறகு தோலைச் சீவி, உள்ளிருக்கும் சோற்றைத் தண்ணீர் மாற்றி மாற்றி அலச வேண்டும். நாங்கள் அதைச் செய்தது நிறத்துக்காகவும் நாற்றத்துக்காகவும் மட்டும்தான். அலசாவிட்டால் கிரீம் மஞ்சளடித்துப்போய், ரயிலில் பக்கத்தில் நிற்பவரின் அக்குள் மாதிரி நாறும். வேறு காரணம் இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. நான் படித்த கெமிஸ்ட்ரியில் கற்றாழை என்ற பெயரே வரவில்லை.

அலசுவதற்குத் தண்ணீர் வேண்டும். தாராவிக் குழாயில் தண்ணீர் விடிகாலையில் வந்து, நாம் கண்ணைக் கசக்குவதற்குள் போய்விடும். அந்த வருடம் தீபாவளிக்கு முன்னால் எங்கள் சந்தில் குழாய் உடைந்து அதுவும் நின்றது. மாட்டுங்காவிலோ எல்லாக் கடையும் கூடுதல் டப்பா கேட்டது. முதலாளி யோசித்தார். யோசித்துவிட்டு எங்கிருந்தோ ஒரு பழைய கிரைண்டரைக் கைவண்டியில் ஏற்றிவந்து இறக்கினார்.

"இனிமே சீவவும் வேண்டாம், அலசவும் வேண்டாம். முழு மடலையும் போட்டு அரைச்சிருவோம்" என்றார்.

"தோலோடயா?" என்றேன்.

"தோல்லதானம்மா சத்தே இருக்கு. கொய்யாப்பழத்தத் தோல் சீவியா திங்கோம்?"

"நிறம் மாறிடுமே. நாத்தம் வேற வரும்."

"பச்சையா இருந்தாத்தான் செடின்னு நம்புவான். நாத்தத்துக்கு வெட்டிவேரக் கூடக் கொஞ்சம் ஊத்து."

ஊற்றினோம். கிரீம் இளம்பச்சையாக, பார்க்க அழகாகவே வந்தது. மாட்டுங்காப் பெண்கள் டப்பாவைத் திறந்து பார்த்து, "அப்படியே இலையாட்டம் இருக்கே" என்று வாங்கிப்போனார்கள். முதலாளி ஏணியில் ஏறும்போதெல்லாம் பாட்டு. கடைகளே கேட்டு வாங்கியதால் அதைத் தின்று காட்டும் வேலைகூட அவருக்கு வரவில்லை.

அந்தப் பச்சைக் கிரீமின் ஒரு டப்பா எஸ்தர் கைக்குப் போனது.

எஸ்தர், பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளும் திருநெல்வேலிக்காரிதான், கிறிஸ்தவப் பெண், நர்ஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். வார்டில் வருடக்கணக்காகப் பெட்பான் தூக்கியபின் அப்போதுதான் அவளை ஆபரேஷன் தியேட்டருக்குச் சோதனையாக எடுத்திருந்தார்கள். தியேட்டருக்குள் போகும் ஒவ்வொரு தடவையும் முழங்கைவரை கிருமி கொல்லும் லோஷன் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். தோல் வெடிக்காமல் என்ன செய்யும்? எங்கள் பழைய கிரீம்தான் அவள் கையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பட்டறைக்குள் வந்தாள். வணக்கம் இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டு கையையும் முதலாளியின் மூக்குக்கு நேராக நீட்டினாள். விரல் மூட்டெல்லாம் சிவந்து வீங்கி, வெடிப்புகளில் நீர் கசிந்துகொண்டிருந்தது. 

"பாய், இதப் பாருங்க. ஒங்க புது டப்பா. பூசினா தீய வச்ச மாதிரி எரியுது."

"ஏ பிள்ள, அது ஒங்க ஆஸ்பத்திரி லோஷன் பண்ணுத வேல. இது செடில்லா. செடி என்ன செய்யும்?"

"மேட்ரனும் அதத்தான் சொல்லுதா. லோஷன் எனக்கு ஒத்துக்கலயாம். திங்கக்கெழம கையப் பாத்துட்டு முடிவு பண்ணுவாளாம். லோஷன்தான்னு எழுதிட்டான்னா எனக்குத் தியேட்டர் அவ்வளவுதான். இந்த ஆயுசுல உள்ள விடமாட்டாங்க. பழைய வார்டு, பழைய பெட்பான்."

அவள் குரல் அங்கே கொஞ்சம் உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டாள். முதலாளிக்கும் சங்கடமாகிவிட்டது. சங்கடம் வந்தால் அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. டப்பாவைத் திறந்தார். விரலால் வழித்து வாயில் போட்டார். அவள் முகம் மாறவில்லை. இன்னொரு வழி. அப்போதும் மாறவில்லை. ரோஷம் வந்து அரை டப்பாவைத் தின்றுவிட்டார். முகம் கோணிக்கொண்டு போனது.

"கசக்குதா?" என்றேன்.

"சத்துன்னா கசக்கத்தானம்மா செய்யும்" என்று தண்ணீர் கேட்டார்.

எஸ்தர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாக்கு நல்லாருந்தா கை நல்லாருக்கும்னு ஒங்களுக்கு யாரு சொன்னா பாய்? நான் என்ன நாக்கால நோயாளியத் தொடுதேனா?" என்று கேட்டுவிட்டு, மீதி டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

தீபாவளி வேலை இருந்ததால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமையும் போனேன். பட்டறை பூட்டியிருந்தது. சந்து முனையில் இருக்கும் பொதுக் கழிப்பறை வரிசையில் முதலாளி நின்றிருந்தார். கையில் தகர டப்பா. முகம் வெளுத்து, கண் உள்ளே போயிருந்தது. உள்ளே போய்விட்டு வந்தவர், நாலடி நடந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் வரிசைக்கே வந்தார். அந்த வரிசையில் அண்ணன் தம்பிகூட ஒருவனுக்கொருவன் இடம் விடமாட்டான். அன்றைக்கு அவருக்கு மட்டும் எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அவர் மனைவியை நாங்கள் லாத்தா என்போம். ஏணியடியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"விடியக்காலம் ஸுபுஹு தொழுக எந்திரிச்சதுல இருந்து ஓட்டந்தாம்மா. நேத்து ரசஞ்சோறத் தவிர வேறெதுவும் திங்கல. மூசாம்பரம் தின்ன ஆள் மாதிரில்லா போய்ட்டு இருக்கு" என்றார்.

"மூசாம்பரமா? அப்படின்னா?"

"நாட்டு மருந்துக் கடையில கறுப்புக் கட்டியா விக்கும்லா. வயிறு சுத்தமாவக் குடுப்பாவ. நாக்குல வச்சா ஒரே கசப்பு. கத்தாழப் பால காய்ச்சி எடுக்கது."

நான் அப்படியே ஏணிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். கற்றாழைப் பால். நாங்கள் இத்தனை நாள் வடியவிட்டுக் கொட்டிய மஞ்சள் பால். இப்போது அலசாமல், தோலோடு அரைத்து, வெட்டிவேர் வாசனை போட்டு டப்பாவில் அடைத்து மாட்டுங்கா முழுக்க அனுப்பியிருக்கிறோம்.

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இப்படி ஒன்று பளிச்சென்று தோன்றியதும் எழுந்து கத்தத்தான் மனசு சொல்லும். கத்தாதீர்கள். வயிற்றுப்போக்குக்கு நூறு காரணம் இருக்கும். தாராவியில் மழைக்காலத்துக்குப் பின் இன்னும் நாலு சேர்த்துக்கொள்ளலாம். நான் சாவியை வாங்கிப் பட்டறையைத் திறந்தேன். பழைய கிரீமில் ஒரு துளி நக்கினேன், தேங்காயெண்ணெய். புதியதில் ஒரு துளி, வாயெல்லாம் கசப்பு. பிறகு இடது முழங்கை மடிப்பில் புதிய கிரீமைப் பட்டையாகப் பூசி அதன்மேல் ஒரு துணியைக் கட்டினேன். வலது கையில் பழைய கிரீம். ஒரு மூலையில் உட்கார்ந்து டப்பாவுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். மத்தியானம் துணியை அவிழ்த்தபோது இடது கையில் சிவப்புத் திட்டு, அரிப்பு. வலது கை சும்மா இருந்தது. என் தோல் வெடிப்பில்லாத முழுத் தோல். எஸ்தருக்கு எப்படி எரிந்திருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது.

மேலே போனேன். முதலாளி பாயில் படுத்து எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டிருந்தார். கையைக் காட்டினேன். மூசாம்பரத்தைச் சொன்னேன்.

"அரை டப்பா தின்னதுக்கு உங்களுக்கு இந்தக் கதி. அந்தப் பொண்ணு வெடிச்ச கையில தினம் பூசியிருக்கா."

டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "வெளிய தெரிஞ்சா மாட்டுங்காவுல ஒருத்தன் டப்பாவத் தொடமாட்டான்" என்றார்.

"ஆமா."

"தீவாளி வேற."

"ஆமா."

"புளிச்சுப்போச்சுன்னு சொல்லித் திருப்பி எடுத்துரலாமா?"

"எடுத்துடலாம். ஆனா மேட்ரன் லோஷன்தான்னு எழுதிடுவாங்க."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் கீழே இறங்கப் பாதி ஏணி வந்திருப்பேன், மேலிருந்து குரல் வந்தது.

"எம்மா, நாளைக்கு வாற டெம்போவ வேண்டாம்னு சொல்லிரு. கடைக்கு ஆள் அனுப்பி எல்லா டப்பாவையும் வாரிட்டு வரச்சொல்லு. அரிக்குதுன்னே சொல்லட்டும். கடைக்காரன் பொண்டாட்டியும் அதத்தான பூசுதா." பிறகு, "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நான் வாரேன்" என்றார்.

திங்கட்கிழமை இஸ்திரி போட்ட சட்டை, தொப்பி, அத்தர். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் காவலாளியிடம் அவர் முதலில் விசாரித்தது மேட்ரன் அறையை இல்லை, கழிப்பறையை.

மேட்ரன் மராத்திக்கார அம்மாள். சிரிப்பு என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாத முகம். எஸ்தர் அவர் முன்னால் கைகளை நீட்டி நின்றிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம். "இங்கயும் தின்னு காட்ட வந்துட்டியளா?" என்று பல்லைக் கடித்தாள்.

முதலாளி காதில் வாங்கவில்லை. நேராக மேட்ரன் மேசை முன்னால் போய் நின்று, தனக்குத் தெரிந்த பம்பாய் ஹிந்தியில் ஆரம்பித்தார்.

"மேடம், லோஷன் கா கல்தி நஹி. மேரா கிரீம் கா கல்தி." லோஷன்மேல் தப்பில்லை, என் கிரீம்மேல்தான் தப்பு.

மேட்ரன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். என் சரக்கு நல்லது என்று சொல்ல வருகிறவர்களைத்தான் அவர் பார்த்திருப்பார். கெட்டது என்று சொல்ல ஒருவன் அத்தர் பூசிக்கொண்டு வந்தால் சந்தேகம் வராதா? உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"மைனே காயா, மேடம்." நான் தின்றேன்.

"க்யா? கிரீம் காயா?"

"ஆதா டப்பா. கல் பூரா தின் சண்டாஸ் மே தா." அரை டப்பா தின்றேன், நேற்று முழுவதும் கக்கூஸில் கிடந்தேன்.

 முதலாளி அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கற்றாழையை எப்படி அரைத்தார், மஞ்சள் பாலை எப்படி விட்டார், அது எப்படிக் கசந்தது, விடிந்ததிலிருந்து எத்தனை நடை நடந்தார், வரிசையில் எப்படி வழிவிட்டார்கள் எல்லாவற்றையும் சொன்னார். ஹிந்தி போதாத இடத்தில் கையாலும் வயிற்றாலும் நடித்துக் காட்டினார். கதவருகே வார்டுபாய்கள் கூடி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். ஊரில் நாலு பேர் எழுந்து நின்று மரியாதை கொடுக்கும் மனிதர் அவர். அன்று ஒரு பெண்பிள்ளையின் வேலைக்காக அந்த மரியாதையை மொத்தமாக மேட்ரன் மேசைமேல் கொட்டினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

மேட்ரன் ஒரு ஃபைலைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். ஃபைல் ஆடியது. அது நிற்கும்வரை காத்திருந்து நான் என் இரண்டு கைகளையும் காட்டினேன். கிட்டே இழுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

பிறகு எஸ்தரிடம், கை ஆறும்வரை லீவில் போ, வெறும் தேங்காயெண்ணெய் தவிர எதையும் தொடாதே, ஆறியதும் வந்து என் கண்ணெதிரே லோஷன் போட்டுக் கழுவு, திரும்பவும் பொரிந்தால் தியேட்டரை மறந்துவிடு என்றார். முதலாளியிடம் ஒரே வார்த்தை. "பாகல்." பைத்தியம் என்று அர்த்தம். அவர் அதைப் பதக்கம் மாதிரி வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

அந்தத் தீபாவளிக்கு மாட்டுங்காவில் எங்கள் டப்பா ஒன்றுகூட இல்லை. திரும்பி வந்த பச்சைக் கிரீமை எங்கே கொட்டுவது என்றே தெரியவில்லை. கிரைண்டரை முதலாளி மசாலா அரைப்பவர் ஒருவருக்குத் தள்ளிவிட்டார். குழாய் சரியாகும்வரை அடுப்பைப் பற்றவைக்கவில்லை. தண்ணீர் இல்லாத நாளில் கற்றாழையை வெட்டுவதில்லை என்று பட்டறையில் சட்டமானது. எந்தச் சரக்கானாலும் முதலில் எங்கள் முழங்கை மடிப்பில் பூசிப் பார்த்த பிறகுதான் டப்பாவுக்குப் போகும் என்று இன்னொரு சட்டம். உங்களுக்கு இப்போது அதற்கென்று தனி லேப், தனி ஆட்கள் எல்லாம் உண்டு. நல்லது, சந்தோஷம். ஆனாலும் லேப் சரி என்று சொன்னபின் கிரீமை உங்கள் கையில் கொஞ்சம் பூசிக்கொள்ளுங்கள். செடி உங்களுக்குச் சொந்தக்காரன் இல்லை. தன்னைத் தின்ன வரும் ஆட்டை விரட்டத்தான் அது அந்தப் பாலை வைத்திருக்கிறது.

எஸ்தர் கை ஆறியது. மேட்ரன் முன்னால் லோஷன் போட்டுக் கழுவினாள். பொரியவில்லை. மறுநாளும் கழுவினாள், பொரியவில்லை. தியேட்டரிலேயே இருக்கட்டும் என்று மேட்ரன் எழுதிக்கொடுத்தார்.

இதை வந்து சொன்ன அன்று அவள் பட்டறை வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை. கழுவிக் கழுவித் தோல் மறுபடி வறளத் தொடங்கியிருந்தது. முதலாளி புதிய சரக்கில் ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார். வெள்ளைக் கிரீம். வடியவிட்டு, சீவி, அலசிச் செய்தது. எங்கள் எல்லோர் முழங்கையிலும் பூசிப் பார்த்தது.

எஸ்தர் வாங்கவில்லை. "மொதல்ல நீங்க தின்னுங்க பாய்" என்றாள்.

"நாக்குக்கும் கைக்கும் என்ன சம்பந்தம்னு நீதான பிள்ள கேட்ட?"

"நாக்குக்கு இல்ல. ஒங்க வயித்த நான் நம்புதேன். அரை டப்பா."

லாத்தா ஏணிமேலிருந்து "அல்லாவே" என்றார். முதலாளி எங்களைப் பார்த்தார். நாங்கள் கூரையைப் பார்த்தோம். வேறு வழியில்லாமல் விரலால் வழித்து வழித்து அரை டப்பாவைத் தின்று முடித்தார். எஸ்தர் மீதி டப்பாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு, "நாளைக்கு வாரேன்" என்று போனாள்.

மறுநாள் காலை நான் வந்தபோது அவள் எனக்கு முன்னாலேயே வந்திருந்தாள். டியூட்டிக்குப் போகும் வெள்ளை உடுப்பு. பட்டறையைப் பார்க்காமல் சந்து முனையில் கழிப்பறை வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அதில் முதலாளி இல்லை.

ஏணி கிறீச்சிட்டது. குளித்து, தலை வாரி, அத்தர் பூசி முதலாளி இறங்கி வந்தார். கடைசிப் படியில் நின்று வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

எஸ்தர் கர்ச்சீப்பை எடுத்து விரல் விரலாகத் துடைத்துக்கொண்டாள். பிறகு இரண்டு கையையும் அவர் முன்னால் நீட்டினாள்.